கிணற்றுக்குத் தராத பெட்டி

சுந்தரபாண்டியம் பின்னால் போய்விட்டது. கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற சாலையில் வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு நடந்தேன். கைலியை இரட்டையாக மடித்து இறுக்கியிருந்தேன். சட்டைக்குள்ளே, வயிற்றை ஒட்டி, என் பாட்டுப்பெட்டி இருந்தது. காலில் செருப்பு இல்லை. அது கல்யாண வீட்டுப் புளியமரத்தடியில் கிடந்தது. திரும்பிப் போய் எடுத்தால் என்னையும் பெட்டியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிட்டேன். தார் சுட்டது. ஓரத்து மண்ணில் இறங்கினால் முள். கொஞ்சம் தார், கொஞ்சம் மண் என்று மாற்றி மாற்றி நடந்தேன்.

கல்யாண வீட்டார் கேட்டது இரண்டு காரியம். பெண்ணின் தகப்பனார் காலில் நான் விழ வேண்டும். என் பெட்டியை அவர்கள் வீட்டுக் கிணற்றில் போட வேண்டும். தாலி ஏறிய நேரத்தில் அழுகைப் பாட்டுப் பாடிய பெட்டி வெளியே உலவக் கூடாது, தண்ணீருக்குள் போனால்தான் தோஷம் கழியும் என்று பந்தலில் யாரோ ஒரு பெரியவர் சொன்னார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

பெட்டி என்று சொல்வது பழக்கத்தால். அது கையோடு எடுத்துப் போகிற சி.டி. பிளேயர். வட்டமாக, கூட்டு வைக்கும் கிண்ணத்தின் வாய் அகலத்துக்கு இருக்கும். மூடியின் கீல் உடைந்திருந்ததால் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டியிருந்தேன். எனக்குச் சொந்தம் என்று அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். எண்பதுகளில் ராஜபாளையத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் பாட்டுக் கேட்பது என்றால் டீக்கடை, கல்யாணம், திருவிழா. என்ன பாட்டு என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். அவர்கள் போட்டதை ஊரே கேட்க வேண்டும். பிறகு ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். துபாய் போய் வந்த ஒருவரிடம் பழைய வாக்மேன் ஒன்றை வாங்கினேன். தலையில் துண்டைக் கட்டி, அதற்குள் வயரை மறைத்துக்கொண்டு, நூல் சுற்றும் கோன் வைண்டிங் மெஷின் இரைச்சலில் என் பாட்டை நான் கேட்டேன். வேலையில் ஒரு குறையும் கிடையாது. நூல் அறுந்தால் பக்கத்து ஆளைவிட முன்னால் முடிச்சுப் போடுவேன். ஒருநாள் சூப்பர்வைசர் துண்டை உருவிப் பார்த்துவிட்டார். மன்னிப்பு எழுதிக் கொடு என்றார். வேலை கெடவில்லையே, எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். நாலு பேர் நடுவில் ஒருவன் காதுக்குள் மட்டும் தனியாகப் பாட்டு ஓடுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு மெட்ராஸ் ரயில் ஏறினேன்.

மெட்ராஸில் பர்மா பஜார் கடை ஒன்றில் பார்சல் தூக்கினேன். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் படுக்கை. மழை வந்தால் உட்கார்ந்தே தூங்க வேண்டும். அங்கேதான் இந்தப் பெட்டியை முதலில் கேட்டேன். கடைக்காரர் இயர்போனை என் காதில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. ஓடவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தபோது பாட்டு ஆரம்பித்தது. கேசட்டில் பாட்டுக்கு முன்னாலேயே ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல் வரும். ரெக்கார்டு தட்டில் ஊசி உரசும். இதில் எதுவும் இல்லை. சும்மா இருந்த இடத்தில் திடீரென்று ஒரு வயலின். அன்றிலிருந்து இதை வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்புகிறவன் சேலை, சட்டைத்துணி, பிஸ்கட் என்று வாங்கி வருவான். நான் இதை வாங்கி வந்தேன்.

அதே கடையில், நான் கிளம்புவதற்குக் கொஞ்சநாள் முன்னால், தட்டே இல்லாத ஒன்றும் வந்தது. தீப்பெட்டி இரண்டை நீளவாக்கில் ஒட்டிய அளவு. உள்ளே சுற்றுவது எதுவும் கிடையாது. எத்தனை குலுக்கினாலும் பாட்டு வெட்டாது. கம்ப்யூட்டரிலிருந்து வயர் போட்டுப் பாட்டை ஏற்ற வேண்டும், ஏறினால் பத்துப் பாட்டு ஏறும். “பத்துப் பாட்டுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். எவன் வாங்குவான்?” என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓரிரு வருடத்துக்குள் அந்த மாதிரி சாமான்கள் பஜாரில் குவிய ஆரம்பித்தன. ஆனால் அப்போது எனக்கு என் வட்டப்பெட்டியே பெரிது. பாட்டைப் பத்து விநாடி முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. ராஜபாளையம் பஸ்ஸில் பள்ளத்துக்குப் பள்ளம் நான் தூக்கியடிக்கப்பட்டபோதும் பாட்டு நிற்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.

“உள்ள ஊசி இருக்காலே?”

“இல்ல. வெளிச்சந்தான் படிக்கும்.”

“வெளிச்சம் எப்படிலே பாடும்?” என்று கேட்டுவிட்டு, காதில் ஒரு பக்கத்தை வாங்கி மாட்டிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டியவர் ராஜபாளையம் வரை வந்துவிட்டார்.

ராஜபாளையத்தில் ரேடியோ செட் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் சேர்ந்தேன். எங்கள் பக்கம் கல்யாணம், சடங்கு, சாவு எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட வேண்டும். அண்ணாச்சியிடம் ஆம்ப்ளிபயர் இருந்தது, நாலு குழாய் இருந்தது, ஒரு சாக்கு நிறைய கேசட் இருந்தது. பாதிக் கேசட்டில் நாடா சிக்கியிருக்கும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றியே என் விரல் காய்த்தது. என் பெட்டியை அவர் ஆம்ப்ளிபயரில் மாட்டிக் கேட்ட அன்று, கடை போர்டை இறக்கச் சொன்னார். செட்டின் பெயருக்கு முன்னால் ‘டிஜிட்டல்’ என்று சிவப்பில் எழுதவைத்து மறுபடி ஏற்றினார். அந்தக் கடையில் டிஜிட்டல் என்று இருந்தது என் பெட்டி மட்டும்தான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ரேடியோ செட் தொழிலில் பாட்டுக்கு வரிசை உண்டு. பிள்ளையார் பாட்டில் ஆரம்பிக்க வேண்டும். பிறகு சாமி பாட்டுகள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, பந்திக்குச் சில. கெட்டிமேளம் கொட்டும்போது செட் வாயை மூட வேண்டும். மேளம் நின்ற அந்த நொடியில் பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்துகிற பாட்டு எழும்ப வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் செட்டுக்காரனை வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவார்கள். ஊருக்குப் போனால் இந்தத் தொழில்தான் என்று நினைத்திருந்ததால், நான் மெட்ராஸிலேயே கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவனிடம் சொல்லி இந்த வரிசைப்படி ஒரு சி.டி. தட்டு எழுதி வாங்கியிருந்தேன். ஒன்பதாவது வாழ்த்துப் பாட்டு. கடைசியில் மிச்சமிருந்த இடத்தில், எனக்காக, பதினாறாவதும் பதினேழாவதும் இரண்டு சோகப் பாட்டுகள். தட்டு என்னுடையது, வைத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் வரிசையாக ஓடினால் அதுவரை போகவே போகாது.

சுந்தரபாண்டியத்தில் முகூர்த்தத்துக்குச் செத்த நேரம் முன்னால், ஒன்பதாவது பாட்டில் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தேன். அமுக்கினால் போதும். அப்போது பெண்ணின் தகப்பனார் வந்து புளியமரத்துக் குழாயைக் காட்டினார்.

“ஏலே, அது என்ன வானத்தப் பாத்து நிக்கி? வடக்கால திருப்பு. எங்க பெரியப்பன் மகன் கல்யாணத்துக்கு வரலேன்னு வீட்டுக்குள்ள இருக்கான். அவன் காதுல விழணும்.”

குழாயை எந்த வீட்டைப் பார்த்துத் திருப்புவது என்பதும் எங்கள் தொழிலில் ஒரு பாதி. மரத்தில் ஏறினேன். மேலே இருந்து பார்த்தபோது அண்ணாச்சி மாப்பிள்ளையின் மச்சானை மேசைக்கு அழைத்து வந்து பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பொத்தான் இதற்கு, அந்தப் பொத்தான் அதற்கு என்று ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினார். “அண்ணாச்சி, தொடாதீய!” என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

மேளம் நின்றது. அண்ணாச்சி அமுக்கினார். நான் கட்டிப்பிடித்திருந்த குழாயிலிருந்து, தாயைப் பறிகொடுத்தவன் பாடுகிற பாட்டு வந்தது.

பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சத்தம் வந்த பக்கம் தலையைத் தூக்கினார்கள். சத்தம் புளியமரத்திலிருந்து வந்தது. புளியமரத்தில் நான் இருந்தேன். அவர்களுக்கு அது போதும்.

“ஏலே எடுபட்ட பயலே! தாலி கட்டுன சூட்டோட ஒப்பாரி வைக்கியாலே?” என்று ஓர் ஆச்சி கையை நீட்டிக் கத்தியது. அண்ணாச்சி பதற்றத்தில் அடுத்த பாட்டுக்கான பொத்தானை அமுக்கினார். பெட்டி பதினாறாவதிலிருந்து பதினேழாவதுக்குப் போனது. அது இன்னும் மோசம். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற எலிமினேட்டர் வயரைப் பிடுங்கினார். பெட்டிக்குள் இரண்டு பென்சில் செல் கிடந்தது. கரண்ட் போனாலும் அது பாடும், அதற்காகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். நான் சரிந்து இறங்கி, முழங்கை உரிந்து, ஓடிப்போய் ஆம்ப்ளிபயரை அணைக்கும்வரை ஒரு சரணம் முழுசாகப் போய்விட்டது. மணவறையில் எல்லோரும் உறைந்திருந்தார்கள். மணப்பெண் மட்டும் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கினாள். அழுகிறாள் என்று அவள் அம்மா ஓடினாள். எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. அவள் சிரித்தாள்.

பெட்டியின் சின்னச் சன்னலைப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளியளவு எழுத்தில் ஒரு சொல் எரிந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷஃபிள். வரிசையைக் கலைத்து, பெட்டி தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டை எடுத்துப் போடுகிற ஏற்பாடு. பதினாறுக்குப் பின்னால் பதினேழு விழுந்ததும் அதன் இஷ்டம்தான். கல்யாணத்துக்கு ஒரு வரிசை, சாவுக்கு ஒரு வரிசை என்று பாட்டை வைக்கிற ஊர் ஒன்று இருக்கும் என்று அதைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்காது.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, “இந்தப் பய புதுசு மொதலாளி, மெட்ராஸ்ல திரிஞ்சவன், வெவரம் பத்தாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் காலில் விழுவதும் கிணறும் வந்தன. பட்டனை அமுக்கியது யார் என்று நான் சொன்னேன். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாப்பிள்ளையின் மச்சான் அப்போது பந்திக்குப் போயிருந்தார். வேறு யாரும் கேட்கவில்லை. பெட்டியைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்படி நடந்து வந்துகொண்டிருந்தபோது பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. அண்ணாச்சிதான். முன்னால் வந்து குறுக்கே நிறுத்தினார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; கோபம் தலைக்கேறினால்தான் வெளியில் வரும்.

“ஏமிரா! ஒம் பாட்டுக்கு நடந்து போற? எங்க போவ?”

“கால் இருக்க மட்டும் போவேன்.”

“செருப்பக் காணோம், வாயக் கொறைக்க மாட்டேங்கான். வண்டில ஏறு.”

“எதுக்கு?”

குரலைத் தணித்தார். “இந்தா பாரு. பொட்டிய நீயே வச்சுக்க. கெணத்துல போட நான் ஒரு ஓட்டை டேப் ரெக்கார்டரத் துணில சுத்திக் குடுத்துருதேன். அவியளுக்கு எது எதுன்னு என்ன தெரியும்? நீ வந்து அந்தாளு கால்ல ஒரு தடவ விழுந்து எந்திரி. முடிஞ்சுது சோலி.”

பெட்டிக்கு வழி பிறந்துவிட்டது. செத்த நேரம் நின்று யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. மாற்றுத்துணி இருந்த பை ராஜபாளையத்தில் அவர் கடையில் கிடந்தது. கால் கொப்புளித்திருந்தது. சாப்பிடவில்லை, கல்யாண வீட்டு இலைக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

“வாரேன். நீங்களும் கூட விழுதியளா?” என்று கேட்டேன்.

“நானா?”

“பட்டன அமுக்குனது யாரு?”

அவர் தெற்கும் வடக்கும் பார்த்தார். சாலையில் ஓர் ஆட்டுக்கூட்டம் தவிர யாரும் இல்லை. “நாந்தாம்லே. தெரியாம அமுக்கிட்டேன். அதுக்குன்னு? நான் தொழில்காரன். நான் விழுந்தேம்னா வத்திராயிருப்பு, கூமாப்பட்டின்னு இந்தப் பக்கம் ஒருத்தன் செட்டுக்குக் கூப்புடுவானா?”

“தொழில் இல்லாதவன் விழலாமாக்கும்?”

“உனக்கென்னலே போவுது? நீ இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. ஒன் மானம் எந்த ஊர்ல இருக்குன்னு யாரு தேடப் போறா?”

அதை அவர் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தலை உண்டு, திரிகிறவனுக்குக் கால் மட்டும்தான் என்று. மில் சூப்பர்வைசரும் அப்படித்தான் நினைத்தார். எனக்கு நேர் எதிராகத் தோன்றியது. கடை இருப்பவன் தலை குனிந்தால் நிமிர்ந்துகொள்ள ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது. என்னிடம் அது இல்லை. குனிந்தால் குனிந்ததுதான்.

“அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் செய்யுங்க” என்றேன்.

“சொல்லு.”

“போர்டுல இருக்க டிஜிட்டல அழிச்சிருங்க.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கொஞ்சம்தான். “பெயிண்ட்டு காயவே இல்லையேலே...” என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. மொபெட் சுந்தரபாண்டியம் பக்கமே திரும்பிப் போனது. நான் கிருஷ்ணன்கோவில் பக்கம் நடந்தேன். இயர்போனை மாட்டி, ஷஃபிளை எடுக்காமலே ஓடவிட்டேன். என்ன வரும் என்று தெரியாமல் நடப்பது நன்றாக இருந்தது. பிள்ளையார் பாட்டுக்குப் பின்னால் பந்திப் பாட்டு, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை அழைப்பு. செல் தீரும்வரை பாடியது. தீர்ந்த பிறகு அதைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

அன்று ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தேன். காலையில் மடவார் வளாகம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். நான் வருவதற்கு முன்னாலேயே கதை வந்திருந்தது. வத்திராயிருப்பு பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டீ மாஸ்டர் அதை ஒரு பெண்ணிடம் கையை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தார்.

“...மரத்து மேல ஏறி ஒக்காந்துக்கிட்டு, தாலி ஏறையில போட்டாம் பாருங்கக்கா, தாய் செத்த பாட்டு!”

“மரத்து மேல இருந்தா பாட்டு போட முடியாது” என்றேன்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் சுற்றிய வயர் கட்டு, இடுப்பில் செருகிய டெஸ்டர். வீட்டுக்காரர் போன பிறகு ரேடியோ செட்டைத் தானே நடத்துகிறவர் என்பது பின்னால் தெரிந்தது. என் வெறுங்காலைப் பார்த்தார், சட்டைக்குள் புடைத்திருந்ததைப் பார்த்தார்.

“அவன் நீதானா?”

“அமுக்குனது நானில்ல.”

“எவன் அமுக்குனா எனக்கென்ன? அந்தப் பாட்டு ஒங்கிட்ட இருக்கா?”

“எந்தப் பாட்டு?”

“தாய் செத்த பாட்டுதாம்ப்பா. இங்க ரெண்டாவது தெருவுல ஒரு அம்மா தவறிட்டாவ. அவிய மகன் அந்தப் பாட்டுதான் வேணும்னு நிக்காரு. என் கேசட்டு நாடாவ மிசின் தின்னுட்டு. காலைல இருந்து எங்கெல்லாமோ தேடிட்டேன்.”

“இருக்கு. பதினாறாவது.”

“அப்ப டீயக் குடிச்சுட்டு வா. ஒரு பன்னும் எடுத்துக்க.”

“யாரு கால்லயும் விழச் சொல்லுவீயளா?” என்று கேட்டேன். முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

“செத்துப்போன ஆச்சி கால்ல விழ பேரன் பேத்தி அம்புட்டுப் பேரு கெடக்காவ. ஒனக்கு அங்க எடமே இருக்காது. கொழாய் கட்டத் தெரியுமா?”

“எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லுங்க.”

வேப்பமரத்தில் குழாயைக் கட்டி இறங்கினேன். அக்கா வாங்கிக் கொடுத்த புது செல்லைப் போட்டேன். ரப்பர் வளையத்தை நகர்த்தி, துணியால் தட்டைத் துடைத்து வைத்தேன். ஷஃபிளை எடுத்தேன். பதினாறாவது பாட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இறந்தவரின் மகன் சிவந்த கண்ணோடு மேசைப் பக்கம் வந்தார். அவர் பின்னாலேயே ஓர் உறவுக்காரர் வந்து, “இதென்ன புதுசா இருக்கு? எந்தப் பட்டன் எதுக்கு?” என்று விரலை நீட்டினார்.

“தொடாதீய” என்று அவர் கையைப் பிடித்து விலக்கினேன். அமுக்குவதை நானே அமுக்கினேன்.